ராத்திரி எட்டு மணிக்கு மேல ஃபிக்ஸ் நிக்க மாட்டேங்குது: கோளாறு கார்ஸ் நெட்வொர்க்கிலயா, வானத்திலயா?

ரதவீதி_சர்வேயர் | மார்ச் 18, 2025, காலை 6.10

எல்லாருக்கும் வணக்கம். திருநெல்வேலி மாவட்டத்துல ஒரு சின்ன டவுன்ல பாதாளச் சாக்கடைத் திட்டத்துக்கு சர்வே எடுத்துட்டிருக்கேன். கோயிலைச் சுத்தி நாலு ரத வீதி, அதுல இருந்து பிரியுற சந்துகள். பகல்ல கடைக் கூட்டமும் லோடு வண்டியுமா இருக்கும், ரோவர் (சாட்டிலைட் சிக்னலை வாங்கி இடத்தை அளக்கிற கருவி) கம்பை ஊன்ற இடம் கிடையாது. அதனால ராத்திரி எட்டுல இருந்து பன்னண்டு வரைக்கும் வேலை.

ரோவருக்குத் திருத்தம் கார்ஸ்ல இருந்து, அதாவது நிரந்தரமா நட்ட தரை நிலையங்களோட நெட்வொர்க்ல இருந்து சிம் வழியா வருது. பகல்ல சோதிச்சப்போ இருபது செகண்டுல ஃபிக்ஸ் (அளவு உறுதியான நிலை) வந்துச்சு, ரெண்டு சென்டிமீட்டர் பிழை காட்டுச்சு. அதே இடத்துல ராத்திரி எட்டேகால் ஆனா ஃப்ளோட்டுக்கு (அளவு உறுதியாகாத நிலைக்கு) போயிருது. பத்தே முக்கால், பதினொண்ணு வரைக்கும் இதே கதைதான், அப்புறம் தானா சரியாகுது. மூணு ராத்திரியா இப்படியே நடக்கு. இதைவிடப் பெரிய பயம் வேற. முந்தாநாள் ஃபிக்ஸ்னு பச்சை காட்டின பாயிண்டுகள்ல ரெண்டை மறுநாள் காலையில திரும்ப எடுத்துப் பாத்தேன். நாப்பது சென்டிமீட்டர் தள்ளி நிக்கு. பச்சை விளக்கை நம்பி வரைபடம் போட்டிருந்தா என்ன ஆயிருக்கும்?

ரோவர் வித்தவங்க கிட்ட கேட்டா சிம் சிக்னல் வீக்னு சொல்றாங்க. சிம் மாத்தியும் பாத்துட்டேன். யாராவது வழி சொல்லுங்க.

பேஸ்லைன்_கோவை | காலை 7.02

சர்வேயர் அண்ணாச்சி, நாலு விஷயம் பாத்துச் சொல்லுங்க. ஃப்ளோட்டுக்குப் போறப்ப கரெக்‌ஷன் ஏஜ் (வர்ற திருத்தம் எவ்வளவு பழசு) எத்தனை செகண்ட்? எந்த மவுண்ட்பாயிண்ட் (திருத்தம் வர்ற இணைப்பு), ஒத்தை பேஸா (ஒரே ஒரு நிலையம்), விஆர்எஸ்ஸா (பல நிலையத்தைச் சேர்த்துக் கணக்கிட்டது)? எத்தனை சாட்டிலைட் தெரியுது? சந்துக்குள்ள மட்டும் வருதா, வெட்டவெளியிலயும் வருதா? ரெண்டு பக்கமும் மாடி வீடுன்னா சுவத்துல பட்டுத் திரும்புற சிக்னல் ரோவரை ஏமாத்தும். முதல்ல அதைக் கழிச்சுக் கட்டணும்.

ரதவீதி_சர்வேயர் | மார்ச் 19, காலை 5.48

நேத்து ராத்திரி பாத்துட்டேன் சார். ஏஜ் ஒண்ணு, ரெண்டு செகண்டுதான். அப்போ சிம் மேல தப்பில்ல. விஆர்எஸ்லதான் போட்டிருக்கேன். வெட்டவெளியான்னு கேட்டீங்கள்ல, தெப்பக்குளத்துக் கரையில போய் நின்னேன். நாலு பக்கமும் ஒரு மரம் கூட மறைக்கல. எட்டு இருபதுக்கு அங்கயும் ஃபிக்ஸ் உடைஞ்சுது. சாட்டிலைட் இருபத்தஞ்சுக்கு மேல தெரிஞ்சுது, ஆனா ஒவ்வொண்ணா சிக்னல் ஏறி ஏறி இறங்குது, குறிப்பா தெற்கையும் மேற்கையும் உள்ளதெல்லாம்.

பயிற்சி_மாணவன் | காலை 9.15

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். சிவில் மூணாம் வருஷம். எனக்கு அடிப்படையே விளங்கல. 20,200 கிலோமீட்டர் உயரத்துல சுத்துற சாட்டிலைட்டை வெச்சு ரெண்டு சென்டிமீட்டர் எப்படி வருது? போன்ல ஜிபிஎஸ் அஞ்சு மீட்டர் தப்பு காட்டுதே?

பேஸ்லைன்_கோவை | காலை 10.40

தம்பி, நல்ல கேள்வி. பொறுமையா எழுதுறேன்.

காய்கறிக் கடையில தராசு சரியில்லேன்னு சந்தேகம் வந்தா என்ன செய்வீங்க? தெரிஞ்ச ஒரு கிலோ எடைக்கல்லை அதுல வெப்பீங்க. 1,020 கிராம்னு காட்டினா அந்தத் தராசு 20 கிராம் கூட்டிச் சொல்லுதுன்னு தெரிஞ்சுபோச்சு. இனிமே நிறுக்கிற ஒவ்வொண்ணுலயும் 20 கிராமைக் கழிச்சுக்கலாம். தராசைப் பிரிச்சு ரிப்பேர் பண்ண வேண்டியதில்ல.

தரை நிலையம்னா அந்த எடைக்கல்தான். இருக்குற இடம் மில்லிமீட்டர் கணக்குல முன்கூட்டியே தெரிஞ்ச ஒரு ஆன்டெனா, இருபத்துநாலு மணி நேரமும் சாட்டிலைட்டைக் கேட்டுக்கிட்டே இருக்கு. சிக்னல்படி கணக்குப் போட்டா வர்ற தூரத்துக்கும் உண்மையான தூரத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் பிழை. சாட்டிலைட் கடிகாரப் பிழை, சுற்றுப்பாதைப் பிழை, அயனி மண்டலமும் கீழ்க் காற்று மண்டலமும் சிக்னலைத் தாமதப்படுத்துற பிழை எல்லாம் அதுக்குள்ள அடக்கம். பக்கத்துல நிக்கிற உங்க ரோவருக்கும் கிட்டத்தட்ட அதே பிழைதான். கழிச்சா போச்சு.

இது பழைய யோசனை. 2000 மே வரைக்கும் அமெரிக்க ராணுவம் பொதுமக்களுக்கு வர்ற ஜிபிஎஸ் சிக்னலை வேணும்னே கெடுத்து வெச்சிருந்தது, நூறு மீட்டர் வரைக்கும் தப்பும். அதே அரசாங்கத்தோட கடலோரக் காவல் படை கப்பல்களுக்காகக் கரையில நிலையம் வெச்சு அந்தப் பிழையைத் திருத்தி ரேடியோவுல அனுப்பிக்கிட்டிருந்தது. நம்ம கலங்கரை விளக்கத் துறையும் கடற்கரை நெடுக அப்படி நிலையங்களை அமைச்சது.

அதுல மீட்டர் கணக்குதான் வரும். சென்டிமீட்டர் வேணும்னா சிக்னலைச் சுமக்கிற அலையையே அளக்கணும். ஜிபிஎஸ்ஸோட எல்1 அலையோட நீளம் 19 சென்டிமீட்டர். ஒரு அலைக்குள்ள எந்த இடத்துல இருக்கோம்னு ரோவர் மில்லிமீட்டர் வரைக்கும் சொல்லிரும். ஆனா நடுவுல மொத்தம் எத்தனை முழு அலை இருக்குன்னு அதுக்குத் தெரியாது. அந்த முழு எண்ணைச் சரியாக் கண்டுபிடிச்சா ஃபிக்ஸ், இன்னும் தடவிக்கிட்டிருந்தா ஃப்ளோட். தப்பான முழு எண்ணைச் சரின்னு நம்பிட்டா பச்சை விளக்கும் எரியும், பாயிண்டும் சில பத்து சென்டிமீட்டர் தள்ளிப் போயிருக்கும். அண்ணாச்சிக்கு நாப்பது சென்டிமீட்டர் வந்தது அதனாலதான்னு நினைக்கிறேன்.

இதுல நெட்வொர்க் எங்க வருது? ஒத்தை பேஸ்ல இருந்து விலக விலக "அதே பிழை"ங்கிறது பொய்யாகிட்டே போகும். பத்து, இருபது கிலோமீட்டருக்கு மேல நம்பிக்கை குறையும். அதனால பல பத்து கிலோமீட்டர் இடைவெளியில நிறைய நிலையத்தை நட்டு, எல்லாத்தையும் ஒரு மையக் கணினியில இணைச்சு, நடுவுல இருக்குற ஊர்ல பிழை எவ்வளவு இருக்கும்னு இடைக்கணிப்புப் போடுறாங்க. ரோவர் தன் தோராயமான இடத்தை மையத்துக்கு அனுப்பினா, பக்கத்துலயே ஒரு பேஸ் இருக்குறதா பாவிச்சு அதுக்குண்டான தரவை மையம் திருப்பி அனுப்பும். அந்த இல்லாத பேஸ்தான் விஆர்எஸ். சர்வே ஆஃப் இந்தியா நாடு முழுக்க ஆயிரத்துக்கும் மேல இப்படி நட்டிருக்கு. ஜப்பான்ல சுமார் 1,300 இருக்கு, அங்க நிலநடுக்கத்தைக் கண்காணிக்கவும் அதுதான்.

ஒண்ணு மட்டும் மறக்காதீங்க தம்பி. விஆர்எஸ் பக்கத்துல இருக்குறதா ரோவர் நம்பும், ஆனா அங்க கல்லும் கிடையாது, ஆன்டெனாவும் கிடையாது. சுத்தி உள்ள நிஜ நிலையங்களுக்கு நடுவுல வானம் ஒரே சீரா மாறினாத்தான் அந்த இடைக்கணிப்பு சரியா வரும்.

கோணக்கட்டை | மதியம் 1.25

நான் நில அளவையில் முப்பத்திரண்டு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். சங்கிலியும் கோணக்கட்டையுமாக ஆரம்பித்து டோட்டல் ஸ்டேஷனில் (கோணமும் தூரமும் சேர்த்து அளக்கும் கருவி) முடித்தேன். இந்த இழையைப் படித்தபோது மனசுக்கு நிறைவாக இருந்தது.

தெரிந்த புள்ளியிலிருந்து தெரியாத புள்ளிக்குப் போவது என்பது நம் மண்ணுக்குப் புதிதல்ல. 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலை அடிவாரத்தில்தான் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி லாம்ப்டன் இந்தியப் பெரும் முக்கோண அளவைக்கு அடிக்கோட்டை, அதாவது நீளத்தைத் துல்லியமாக அளந்த முதல் கோட்டை, இழுக்கத் தொடங்கினார். நூறு அடி எஃகுச் சங்கிலியை மீண்டும் மீண்டும் வைத்து சுமார் 12 கிலோமீட்டர். அந்த ஒரு கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாக இமயமலை வரை போனது. காவிரிச் சமவெளியில் குன்று கிடையாது, அதனால் கோயில் கோபுரங்களின் மீது ஏறினார்கள். 1808-ல் அரை டன் எடையுள்ள தியோடலைட்டை (கோணம் அளக்கும் கருவி) தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி மோதி, அதன் கோண வட்டமே வளைந்துவிட்டது. லாம்ப்டன் தானே உட்கார்ந்து வாரக்கணக்கில் தட்டி அதை நேராக்கினார். சந்தேகம் உள்ள கருவியோடு அவர் அடுத்த புள்ளிக்கு நகரவில்லை.

தம்பி ரதவீதி, நீங்கள் காலையில் திரும்பப் போய் அந்த இரண்டு புள்ளிகளைச் சரிபார்த்தீர்களே, அதுதான் தொழில். எங்கள் காலத்தில் மூன்று கிராம எல்லைகள் சேரும் முச்சந்திக் கல்லில் போய்க் கட்டி முடிக்காமல் அளவு முடிந்ததாக எழுத மாட்டோம். நீங்களும் தினமும் வேலை தொடங்கும்போதும் முடிக்கும்போதும் தெரிந்த ஒரு கல்லில் ரோவரை வைத்துப் பாருங்கள். கல்லோடு ஒத்துப்போகாத நாளின் அளவை ஏட்டில் ஏற்றாதீர்கள்.

நெல்லை_வானம் | மாலை 4.50

சர்வேயர் அண்ணன் சொன்ன நேரத்தைப் பார்த்ததுமே புரிந்தது. மார்ச் மாதம், இரவு எட்டிலிருந்து பதினொன்று, தென்கோடித் தமிழ்நாடு. நான் அயனி மண்டலத்தில்தான் ஆய்வு செய்கிறேன். உங்கள் ரோவரிலும் கோளாறு இல்லை, நெட்வொர்க்கிலும் கோளாறு இல்லை. நீங்கள் காந்த நடுக்கோட்டுக்குக் கிட்டத்தட்ட அடியில் நின்று வேலை செய்கிறீர்கள்.

பூமியின் புவியியல் நடுக்கோடு வேறு, காந்த நடுக்கோடு வேறு. திசைகாட்டி ஊசி தலை சாயாமல் கிடைமட்டமாக நிற்கும் கோடு அது. நம் நாட்டில் அது திருவனந்தபுரம், திருநெல்வேலி பக்கமாகப் போகிறது. 1963-ல் ராக்கெட் ஏவத் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததும், இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் திருநெல்வேலி கிருஷ்ணாபுரத்தில் ஆய்வுக்கூடம் வைத்திருப்பதும் இதனால்தான்.

பகலில் சூரிய ஒளி பட்டு மேல் வளிமண்டலத்தில் எலக்ட்ரான்கள் பிரிந்து கிடக்கும். சூரியன் மறைந்ததும் கீழ் அடுக்கில் அவை வேகமாகத் திரும்பச் சேர்ந்துவிடும், முன்னூறு கிலோமீட்டர் உயரத்தில் அப்படியே நிற்கும். அடர்த்தியான அடுக்கு மேலே, மெலிந்த அடுக்கு கீழே. தண்ணீருக்கு அடியில் எண்ணெயை அடக்கி வைத்தது மாதிரி. அது நிலைக்காது. மெலிந்த பகுதி குமிழ் குமிழாக மேலே எழும். ஒவ்வொரு குமிழும் வடக்கு தெற்காகக் காந்தக் கோடுகளின் வழியே நீண்டு, கிழக்கு நோக்கி நகரும். அதன் ஊடாக வரும் சாட்டிலைட் சிக்னல், நட்சத்திரம் சிமிட்டுவது போலச் சிமிட்டும். அண்ணன் பார்த்த "ஏறி ஏறி இறங்குது" இதுதான். சிக்னல் ஒரு நொடி விட்டுப்போனாலும் அலை எண்ணிக்கை அறுந்துவிடும், ரோவர் முதலிலிருந்து எண்ண வேண்டும்.

மார்ச், ஏப்ரலிலும் செப்டம்பர், அக்டோபரிலும் இது அதிகம். சூரியன் மறையும் கோடும் காந்தக் கோடும் ஏறக்குறைய ஒரே வரிசையில் வரும் மாதங்கள் அவை. அதோடு சூரியனின் பதினோரு வருடச் சுழற்சி இப்போது உச்சத்தை ஒட்டி இருக்கிறது. இரண்டும் சேர்ந்த நேரத்தில் நீங்கள் ராத்திரி வேலை எடுத்திருக்கிறீர்கள். நள்ளிரவு தாண்டினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

பயிற்சி_மாணவன் | மாலை 5.20

அக்கா, ஒரு சந்தேகம். ரெண்டு ஃப்ரீக்வென்சி வெச்சா அயனி மண்டலப் பிழையைக் கழிச்சிடலாம்னு வகுப்புல சொன்னாங்களே?

நெல்லை_வானம் | மாலை 6.05

தாமதத்தைக் கழிக்கலாம் தம்பி. தாமதம் அலைவெண்ணின் வர்க்கத்துக்குத் தலைகீழாக மாறும், அதனால் இரண்டு அலைவெண்களை ஒப்பிட்டால் எவ்வளவு என்று தெரிந்துவிடும். ஆனால் சிமிட்டலில் சிக்னலே அறுந்துபோகிறதே, இல்லாத சிக்னலை எதோடு ஒப்பிடுவது? அலைவெண் குறையக் குறையச் சிமிட்டல் கூடும், அதனால் எல்1-ஐவிட அலைவெண் குறைந்த எல்2, எல்5 தான் முதலில் அடி வாங்கும்.

இன்னொன்று. பேஸ்லைன் சார் சொன்ன "வானம் ஒரே சீரா மாறினாத்தான்" என்ற இடத்தில்தான் நெட்வொர்க் தோற்கிறது. குமிழின் விளிம்பில் சில கிலோமீட்டருக்குள் எலக்ட்ரான் அளவு சட்டென்று மாறும். ஒரு கார்ஸ் நிலையம் குமிழுக்கு உள்ளே, அடுத்தது வெளியே, ரோவர் நடுவில் என்றால் இடைக்கணிப்பு எப்படிச் சரியாக வரும்?

ககன் அமைப்பைக் கட்டியவர்கள் பட்ட பாடும் இதுதான். இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் சேர்ந்து நாடு முழுக்க 15 நிலையங்கள் வைத்து, பெங்களூரில் கணக்குப் போட்டு, ஜிசாட் செயற்கைக்கோள்கள் வழியாக விமானங்களுக்குத் திருத்தம் அனுப்புகிறார்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஓடிய அயனி மண்டல மாதிரியை அப்படியே இங்கே வைக்க முடியவில்லை. அங்கே வானம் மெல்ல மாறும், இங்கே புரளும். பல அடுக்குகளாகப் பிரித்துக் கணக்கிடும் தனி மாதிரியை இஸ்ரோ உருவாக்கியது. அதற்குப் பிறகுதான் 2013 டிசம்பர் 30-ல் முதல் சான்றிதழும், உயரத்துக்கும் வழிகாட்டும் தரத்துக்கான சான்றிதழ் 2015 ஏப்ரல் 21-லும் கிடைத்தது. நடுக்கோட்டுப் பகுதியில் அந்தத் தரத்தை எட்டிய முதல் அமைப்பு அது. ககனில் எனக்குப் பிடித்த விஷயம், துல்லியத்தோடு "இப்போது நம்பாதே" என்ற எச்சரிக்கையையும் சில நொடிகளுக்குள் விமானிக்கு அனுப்பும். சர்வே ரோவர்களுக்கும் அப்படி ஒரு நேர்மை வர வேண்டும் என்பது என் ஆசை.

வரப்பு_டிராக்டர் | இரவு 8.30

போன வருஷம் மே 10-ஆம் தேதி பெரிய சூரியப் புயல் வந்தப்போ அமெரிக்காவுல நடவு சமயம். ஆர்டிகே (நாம பேசுற இதே உடனடித் திருத்த முறை) வெச்சுத் தானா ஓடுற டிராக்டர்களை வயல்லயே நிறுத்திப்போட்டாங்கன்னு படிச்சேன். அவங்களுக்கு அது எப்பவாவது ஒரு நாள். நமக்கு வருஷத்துல நாலு மாசம், அதுவும் யாரும் நமக்குச் சொல்றதில்ல.

ரசமட்டம் | மார்ச் 20, காலை 8.15

எல்லாரும் கிடைமட்டத்தையே பேசுறீங்க. அண்ணா, நீங்க எடுக்கிறது சாக்கடை சர்வே. அங்க உயிர்நாடி உயரம்தான். நான் குடிநீர், கழிவுநீர் வடிவமைப்புல இருக்கேன், அதனால கேக்குறேன்: மட்டம் எதுல எடுக்குறீங்க?

ஜிஎன்எஸ்எஸ்ல (சாட்டிலைட் வெச்சு அளக்கிறதுல) உயரப் பிழை கிடைமட்டப் பிழையைவிட ஒன்றரை, ரெண்டு மடங்கு இருக்கும். நல்ல நேரத்துலயே மூணு, நாலு சென்டிமீட்டர்னு வெச்சுக்கோங்க. 250-க்கு 1 சரிவுல போற குழாய் பத்து மீட்டருக்கு நாலு சென்டிமீட்டர்தான் இறங்கும். ரோவர் உயரத்தை நம்பினா அந்தப் பத்து மீட்டர்ல கழிவுநீர் எந்தப் பக்கம் ஓடும்னே சொல்ல முடியாது. ஆள்நுழைகுழி ஒவ்வொண்ணுக்கும் ஆட்டோ லெவல் வெச்சு, ஸ்டாஃப் பிடிச்சு மட்டம் எடுங்க. பழைய முறைதான், ஆனா தெருவுக்குள்ள அதுதான் நிக்கும். ரோவரை இடம் குறிக்க மட்டும் வெச்சுக்கோங்க.

ரதவீதி_சர்வேயர் | மதியம் 12.40

கண்ணைத் திறந்துவிட்டீங்க மேடம். ரோவர் உயரத்தைத்தான் எழுதிட்டிருந்தேன். அதுலயும் மைனஸ் நாப்பத்தஞ்சு, நாப்பத்தெட்டுன்னு வருது. ஊர் கடல் மட்டத்துக்குக் கீழயா இருக்குன்னு பசங்க கேக்குறாங்க. இன்னொரு குழப்பமும் உண்டு. இந்த ஊருக்கு ரொம்ப வருஷம் முன்னாடி எடுத்த கன்ட்ரோல் பாயிண்ட் (இடம் துல்லியமா அளந்து வெச்ச கல்லு) லிஸ்ட் ஒண்ணு குடுத்திருக்காங்க. அதுக்கும் கார்ஸ்ல எடுக்கிறதுக்கும் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவா வித்தியாசம் வருது, எல்லாமே வடகிழக்கா ஒரே பக்கம் தள்ளியிருக்கு.

ரசமட்டம் | மதியம் 2.10

ரோவர் காட்டுறது பூமிக்குப் பொதுவா வரைஞ்ச ஒரு வழவழப்பான நீள்கோளத்துல இருந்து அளந்த உயரம். கடல் மட்டம் அந்த வழவழப்போட ஒட்டாது, ஈர்ப்பு விசைக்குத் தக்கபடி மேடு பள்ளமா இருக்கும். உலகத்துலயே ஆழமான பள்ளம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடல்ல இருக்கு, நீள்கோளத்துக்குக் கீழே சுமார் 106 மீட்டர். நாம அந்தப் பள்ளத்தோட சரிவுல குடியிருக்கோம். உங்க பக்கத்துல கடல் மட்டமே மைனஸ் தொண்ணூறு மீட்டரை ஒட்டி வரும். அதைக் கழிச்சாத்தான் உண்மையான உயரம். பக்கத்து ரயில் நிலையத்து மஞ்சள் பலகையில கடல் மட்டத்துல இருந்து எத்தனை மீட்டர்னு எழுதியிருக்கும், பசங்களைக் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க. வேலைக்கு மட்டும் ஜிடிஎஸ் பெஞ்ச்மார்க் (கடல் மட்டத்துல இருந்து உயரம் அளந்து வெச்ச அரசாங்கக் குறி) ஒண்ணைத் தேடிப் பிடிச்சு அதுல இருந்தே மட்டத்தைக் கொண்டுவாங்க.

பேஸ்லைன்_கோவை | மாலை 3.30

வடகிழக்கா ஒரே பக்கம்னு சொன்னீங்களே, அதுலயே பாதி விடை இருக்கு அண்ணாச்சி. இந்தியத் தட்டு வருஷத்துக்கு அஞ்சு சென்டிமீட்டர் போல வடகிழக்கா நகர்ந்துக்கிட்டிருக்கு. பதினஞ்சு, இருபது வருஷத்துல முக்கால் மீட்டர், ஒரு மீட்டர் வந்துரும். பழைய லிஸ்ட் எந்தச் சட்டகம் (ஆயத்தொலைவு முறை), எந்த வருஷத்துக்கு உண்டானதுன்னு முதல்ல கண்டுபிடிங்க. அப்போ இருந்த பேஸோட ஆயத்தொலைவைத் தோராயமா எடுத்திருந்தாலும் இதே மாதிரி மொத்தமா ஒரு பக்கம் தள்ளும், அதையும் மனசுல வெச்சுக்கோங்க. பழைய கல்லு நாலஞ்சு மேல ரோவரை வெச்சு அளந்து, வித்தியாசம் எல்லாத்துலயும் ஒண்ணா வருதான்னு பாருங்க. ஒண்ணா வந்தா மொத்தமா நகர்த்திக்கலாம். ஒவ்வொண்ணும் ஒவ்வொரு பக்கம் போனா அந்த லிஸ்ட்டை ஓரமா வெச்சிருங்க.

நெட்வொர்க் நடத்துறவங்களுக்கும் இதே தலைவலிதான். நிலையம் அசையாம நிக்குதுன்னு நினைச்சுத்தான் மத்ததையெல்லாம் அளக்குறோம். 2004 டிசம்பர் நிலநடுக்கத்துல போர்ட் பிளேர் மீட்டர் கணக்குல நகர்ந்து, கீழயும் இறங்கிச்சு. அதனாலதான் நிலையங்களையே ஒண்ணோட ஒண்ணு வெச்சு விடாம சரிபாத்துக்கிட்டே இருக்கணும்.

ரதவீதி_சர்வேயர் | மார்ச் 27, காலை 9.05

சொன்னதெல்லாம் செஞ்சு பாத்துட்டு எழுதலாம்னு இத்தனை நாள் பேசாம இருந்தேன்.

வேலை நேரத்தை அதிகாலை நாலரையில இருந்து ஏழரைக்கு மாத்திட்டேன். டீக்கடை தவிர ஒண்ணும் திறந்திருக்காது. ஏழு நாளா ஒரு தடவை கூட ஃபிக்ஸ் உடையல. கோணக்கட்டை ஐயா சொன்னபடி தேரடிப் பக்கம் ஒரு கல்லு நட்டு, பகல்ல மூணு தனித்தனி நேரம் அளந்து வெச்சுக்கிட்டேன். தினம் முதல்லயும் கடைசியிலயும் அதுல ரோவரை வெக்கிறேன். இதுவரைக்கும் ரெண்டு சென்டிமீட்டரைத் தாண்டல.

ராத்திரி எடுத்த 64 பாயிண்டையும் திரும்ப எடுத்தேன். முதல்ல பிடிச்ச ரெண்டு போக இன்னும் மூணு தப்பு. அதுல ஒண்ணு கீழ ரத வீதி முக்குல உள்ள ஆள்நுழைகுழி. அப்படியே விட்டிருந்தா அடுத்த வீட்டுத் திண்ணை ஓரமாப் போயிருக்கும். அஞ்சுமே எட்டரைக்கும் பத்தரைக்கும் நடுவுல எடுத்தது.

பழைய கல்லு ஆறுல நாலுதான் கிடைச்சுது. நாலுலயும் வித்தியாசம் ஒரே திசை, ஒரே அளவு, மூணு சென்டிமீட்டருக்குள்ள. மொத்தமா நகர்த்திக்கிட்டேன். மட்டத்துக்கு ஆட்டோ லெவல் வந்தாச்சு. பெஞ்ச்மார்க் ஒண்ணு பழைய பாலத்துக் கைப்பிடிச் சுவர்ல சுண்ணாம்புக்கு அடியில இருந்துச்சு, சுரண்டித்தான் எடுத்தோம். அங்க இருந்து தேரடிக் கல்லுக்குப் போய்த் திரும்பினதுல ஆறு மில்லிமீட்டர் மூடல் பிழை.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. மேல ரத வீதியில கோபுரத்துக்கு நேர் கீழ வர்ற பதினோரு பாயிண்டுக்கு எந்த நேரத்துலயும் சாட்டிலைட் பத்தல. ரெண்டு பக்கமும் வெளியில ரோவர் பாயிண்ட் வெச்சு, நடுவுல டோட்டல் ஸ்டேஷன்ல கட்டலாம்னு இருக்கேன். சரிதானா ஐயா?

கோணக்கட்டை | காலை 10.20

சரிதான் தம்பி. இரண்டு பக்கமும் ஒன்று போதாது, இரண்டிரண்டு புள்ளி வையுங்கள். ஒரு பக்கம் ஆரம்பித்து மறுபக்கம் போய்க் கட்டுங்கள். கோபுர நிழலில் நிற்கிறபோது பிரிசம் கம்பைப் பிடிக்கிற பையனுக்குக் கம்பு நேராக நிற்கிறதா என்று அதன் ரசமட்டக் குமிழைப் பார்க்கச் சொல்லிக் கொடுங்கள்.